கால் எடுக்காத பெடல்

மத்தியானமே இருட்டிக்கொண்டு வந்தது. உத்தமபாளையம் சாலையோரம் இருந்த மெக்கானிக் அழகரின் ஷெட்டுக்கு அந்த வெள்ளைக் காரை மறுபடியும் டிராக்டரில் கட்டி இழுத்து வந்தார்கள். பார்த்ததும் அவனுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

கிளட்ச் பெடல் தரையோடு படுத்துக் கிடந்தது. மேல் சிலிண்டரும் புதிது, கீழ் சிலிண்டரும் புதிது. எண்ணெய் ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஷெட்டில் ஓட்டிப் பார்த்தால் குறையே தெரியாது. அனுமந்தன்பட்டிக்குப் போய் வண்டிக்காரி வீட்டு வாசலில் நின்றதும் பெடல் கீழே போய்விடும்.

“என்னதாண்ணே செஞ்சீக?” வண்டிக்காரி முனீஸ்வரி கதவை ஓங்கிச் சாத்தினாள். “நாளைக்கு அம்மாவுக்குத் தேனியில டயாலிசிஸ். அவுகள பஸ்ஸுல ஏத்தி எறக்க முடியுமா?”

“நான் என்ன வேணும்னா செய்யிறேன், தங்கச்சி?” ஸ்பேனரைத் தகர டப்பாவில் விட்டெறிந்தான் அழகர். “உள்ள காத்து நிக்கிதோ என்னமோ. கூட இருக்கவன் வீரபாண்டித் திருவிழாவுக்குப் போயிட்டான். நீங்களே ஏறி உக்காருங்க. நான் சொல்லச் சொல்ல பெடல அமுக்கி விடுங்க.”

கையை விட்டுப் பெடலைத் தூக்கி நிறுத்தினான். அவள் ஏறி உட்கார்ந்ததும் சாக்கை விரித்துக் காருக்கு அடியில் நுழைந்தான். தகரக் கூரையில் மழை இறங்கியது.

“அமுக்குங்க!”

கீழ் சிலிண்டரின் கம்பி நகர்ந்தது. காற்றை வெளியேற்றும் நிப்பிளைத் திறந்தான். எண்ணெய் பீச்சியது. மூடினான்.

“விடுங்க!”

கம்பி திரும்பியது. அமுக்கு, விடு, அமுக்கு, விடு. சொன்னபடி நடந்தது. எண்ணெயில் ஒரு குமிழிகூட இல்லை. அப்படியானால் காற்றும் இல்லை. பிறகு என்ன எழவுதான் இதற்கு?

“விடுங்க.”

கம்பி அசையவில்லை.

“விடுங்கன்னு சொல்றேன்ல!”

அசையவில்லை. எங்கிருந்தோ மருதாணி வாசனை வந்தது, பச்சையாக, அரைத்த சூட்டோடு.

“காதுல விழல? கால எடுங்க!”

அப்போது ஷெட் வாசலில் இரண்டு நனைந்த செருப்புகள் தெரிந்தன. சாலையிலிருந்து உள்ளே வந்துகொண்டிருந்தன.

“யாருகிட்டண்ணே கத்துறீக?” முனீஸ்வரியின் குரல். “அம்மா போன் போட்டாக. சிக்னல் இல்லைன்னு நீங்க உள்ள போனதுமே ரோட்டுக்குப் போயிட்டேன்.”



அழகர் காருக்கு அடியிலிருந்து வெளியே வந்தான். கதவு திறந்து கிடந்தது. சீட்டில் யாருமில்லை. பெடல் தரையில் இருந்தது.

குனிந்து, முன்போலவே பெடலுக்கு அடியில் விரலைக் கொடுத்துத் தூக்கினான்.

வரவில்லை.

பலங்கொண்ட மட்டும் இழுத்தான். புறங்கையில் ஏதோ சில்லென்று பட்டது.

ஈரமான கால்விரல்கள்.

கையைப் பிடுங்கிக்கொண்டு சுவரோரம் போய் விழுந்தான். “மருதாணி...” என்று மட்டும் வாயில் வந்தது.

முனீஸ்வரிக்கும் வாசனை எட்டிவிட்டது. அவள் அலறவில்லை. காரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: “எங்கக்கா விஜி. எப்பவும் கால்ல மருதாணி வச்சிருக்கும். தை மாசம் மஞ்சக்காமாலையில போயிருச்சு. அம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகணும்னுதான் வீட்டு வாசல்ல வச்சு எங்கிட்ட வண்டி பழகுச்சு. கால எடுத்தா வண்டி துள்ளிரும்னு பயம். நான் எம்புட்டுக் கத்துனாலும் கிளட்ச விடாது.”

குனிந்து, காலியான சீட்டுக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோனாள்.

“அக்கா... கால எடுக்கா. துள்ளாதுக்கா. அம்மாவுக்கு மூச்சு வாங்குது. வண்டி ஓடலைன்னா நான் என்ன செய்வேன்?”

மழை சட்டென்று ஓய்ந்தது.

பெடல் எழும்பியது. ஸ்பிரிங் தெறிக்கும் வேகத்தில் அல்ல. மெல்ல, நூல் நூலாக, பயந்து பயந்து ஒருத்தி காலை எடுப்பதுபோல.

முனீஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். கார் துள்ளாமல் சாலைக்குப் போனது. அழகர் அன்று வேறு வண்டியைத் தொடவில்லை.

மறுநாள் காலையில் தேனி ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாள்.

“வந்து சேந்துட்டோம்ணே. அம்மாவ உள்ள கூட்டிப் போயிட்டாக.”

“பெடலு?”

பக்கத்தில் யாருக்கோ கேட்டுவிடக் கூடாது என்பதுபோலக் கிசுகிசுத்தாள்.

“வழி பூரா நான் கிளட்ச மிதிக்கவே இல்லண்ணே. கியர்ல கைய வச்சதும், அதுவா எறங்குது.”