கடல் பக்க ஜன்னல்

டோக்கியோ நிலையத்தில் ரயில் வந்து நின்றபோது ரோவேனாவுக்குச் சத்தமே கேட்கவில்லை. அவள் ஊரான இலோய்லோவில் ஆளேற்றும் ஒரு ஜீப்னி வண்டி கிளம்பினால் தெருவே அதிரும். இதுவோ, யாரோ வெள்ளைத் துணியை மெல்ல இழுத்துப் போர்த்துவது போல வந்து நின்றது.

கல்யாணமாகிச் சில நாள்தான் ஆகியிருந்தது. வெளிநாட்டுப் பயணம் அவளுக்கு இதுவே முதல் தடவை. கணவன் டான்டே கப்பலில் எஞ்சின் வேலை பார்ப்பவன். ஒருமுறை விடுப்பில் இதே ரயிலில் கடைசி நிலையமான ஹகாட்டா வரை போய்விட்டு ஊருக்கு வந்தவன், "கல்யாணம் முடிஞ்சதும் உன்னை அதுல கூட்டிட்டுப் போறேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தான்.

ரோவேனாவுக்கு அல்ல. அவளுடைய அக்கா மாரிவிக்குக்கு.

கல்யாணத் தேதி நெருங்கியிருந்தபோது மாரிவிக் டெங்குவில் போய்விட்டாள். அவளுக்குத் தைத்த வெள்ளை கவுனைத்தான், இரண்டு வருஷம் கழித்து, இடுப்பில் பிடித்துத் தைத்து ரோவேனா மாதா கோயிலுக்கு உடுத்திக்கொண்டு போனாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அக்கா போட்ட செருப்பு, அக்கா போட்ட பள்ளிச் சீருடை. கடைசியில் அக்காவுக்குப் பார்த்த மாப்பிள்ளை.

பெட்டியில் ஒரு பக்கம் இரண்டு இருக்கை, மறுபக்கம் மூன்று. மூன்று இருக்கை வரிசையில் டான்டே நடைபாதை ஓரமாக உட்கார்ந்தான். ரோவேனாவுக்கு நடு இருக்கை. ஜன்னலோரம் காலியாக இருந்தது.

"நான் அங்க உக்காரட்டா? அந்தப் பக்கம் கடல் தெரியும்ல?"

"வேணாம் ரோவி. அது வேற ஆளோட சீட்டு. வழியில ஏறுவாங்க."

நகோயா வந்தது. யாரும் ஏறவில்லை. கியோட்டோ வந்தது. இருவர் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, காலி இருக்கையை ஒரு தரம் பார்த்துவிட்டு, லேசாகக் குனிந்து கடந்து போனார்கள்.

காலி இருக்கைக்குக் குனிவானேன்?

டான்டே நிலையத்தில் வாங்கிய ஆரஞ்சை உரித்தான். நாரைக்கூட விடாமல் எடுத்தான். ரோவேனா கையை நீட்டினாள். அவன் அவளைத் தாண்டிக் குனிந்து, ஜன்னலோர இருக்கையின் சின்னப் பலகையை இறக்கி, சுளைகளை அதில் வைத்தான்.

"யாருக்கு அது?"

"சும்மா."

"டான்டே, அந்தச் சீட்டையும் நீதான் எடுத்தியா?"

"மெதுவாப் பேசு. இங்க ரயில்ல யாரும் சத்தம் போட மாட்டாங்க."

"அக்காவுக்கா?"

அவன் வெகு நேரம் விரல்களைத் துடைத்துக்கொண்டிருந்தான். "கனவுல வந்து கேட்டா, ரோவி. ஜன்னல் ஓரமா உக்காந்து ஒரே ஒரு தடவை போகணுமாம். அப்புறம் வரவே மாட்டாளாம்."

ரோவேனா வெடுக்கென்று அவன் பக்கம் திரும்பினாள்.

"செத்தும் எனக்கு முந்திக்கிறா பாரு! அவளுக்கு ஜன்னலு, எனக்கு நடு சீட்டா? இப்ப தேனிலவுக்கு வந்தது நீயும் நானுமா, நீயும் அவளுமா?"

"ரோவி, கையெடுத்துக் கும்பிடுறேன்..."

அவள் எழுந்து ஜன்னலோர இருக்கையில் தொப்பென்று உட்கார்ந்தாள். சுளைகளை அள்ளி வாயில் போட்டு மென்றாள்.

இருக்கை சூடாக இருந்தது.

யாரோ அப்போதுதான் எழுந்து போனது மாதிரி.

டான்டே முகத்தை நடைபாதைப் பக்கம் திருப்பிக் கண்ணை மூடிக்கொண்டான். ரோவேனா வெற்றிபெற்றவள்போல வெளியே பார்த்தாள். ஒசாகாவின் கூரைகள் வெயிலில் பறந்தன. ஜன்னல் இப்போது அவளுடையது.

கோபேயைத் தொடும்போது சுரங்கங்கள் ஆரம்பித்தன. காது அடைத்துக்கொண்டது. வெளிச்சம் அறுந்து, கண்ணாடி கறுத்துப் பெட்டியின் உள்ளே தெரிந்ததை எல்லாம் காட்டியது. அவள் முகம், காலி நடு இருக்கை, அப்பால் தூங்கும் டான்டே.

மறுபடி வெயில். மறுபடி இருட்டு.

இந்தத் தடவை கண்ணாடியில் நடு இருக்கை காலியாக இல்லை.

ரோவேனா சட்டென்று திரும்பினாள். பக்கத்தில் யாரும் இல்லை. ஆனால் டான்டேயின் கை நடு இருக்கையின் கைப்பிடிமேல் மல்லாந்து கிடந்தது. விரல்கள் எதையோ பிடித்தது போல மடங்கியிருந்தன. தூக்கத்தில் சிரித்தான். கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு சிரிப்பை அவள் பார்த்ததில்லை.

பயத்துக்கு முன்னால் பொறாமைதான் வந்தது. பயம் பின்னால்தான் வந்தது.

அவள் நடு இருக்கைக்கு மாறப் பார்த்தாள். கையை ஊன்றினாள். அந்த இடம் காலியாக இல்லை. துணி மூடிய தொடை ஒன்று அவள் உள்ளங்கையில் அழுந்தியது.

குளிர்ந்த தொடை.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னலோடு ஒட்டிக்கொண்டாள்.

ஹிரோஷிமா தாண்டியதும் நடைபாதைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த ஜப்பானிய அம்மாள், பெயர் ஒகுமுரா என்று சொல்லிக்கொண்டவர், ஒரு மிட்டாய்ப் பொட்டலத்தை நீட்டினார். உடைந்த ஆங்கிலத்தில், தூங்குபவரை எழுப்பிவிடாத குரலில் பேசினார்.

"புதுசா கல்யாணம் ஆனவங்களா? அவர் தோள்ல சாஞ்சு அந்தப் பொண்ணு எவ்வளவு நிம்மதியாத் தூங்குது பாருங்க."

ரோவேனா நடு இருக்கையைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை.

"நீங்க தங்கச்சிதானே? முகம் அப்படியே இருக்கு. பாவம், புதுத் தம்பதிகூடத் தனியா மாட்டிக்கிட்டீங்க." அம்மாள் வாயைப் பொத்திச் சிரித்தார்.

"டான்டே! டான்டே, எந்திரி!"

அவன் எழவில்லை. முன்வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டு மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்புறம் கடலுக்கு அடியில் போகும் சுரங்கம் வந்தது.

அது முடியவே இல்லை. காதுக்குள் ஏதோ இறுகிக்கொண்டே போனது. கண்ணாடியைப் பார்க்கக் கூடாது என்று ரோவேனா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். குழந்தைகளுக்குப் பூசும் கொலோன் வாசனை வந்தது. ஆஸ்பத்திரியில் கடைசி நாள் மாரிவிக்கின் நெற்றியில் அம்மா பூசிய வாசனை. அதற்கு அடியில் காய்ச்சலின் புளித்த வாடை.

ஈரமான உதடு ஒன்று அவள் காதைத் தொட்டது.

"ஜன்னல் உனக்கே இருக்கட்டும்டி."

வெயில் வந்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள்.

ஹகாட்டாவில் டான்டே தானாகவே விழித்தான். நன்றாகத் தூங்கிய களை முகத்தில் இருந்தது. பெட்டியை இறக்கி எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கினான். ரோவேனா பின்னால் ஓடினாள்.

"நில்லு! நான் வரேன்! டான்டே!"

கூட்டத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. அல்லது கேட்டும் திரும்பவில்லை. அவன் வெளிவாசலைக் கடந்தான். ரோவேனா தன் டிக்கெட்டை இயந்திரத்தில் செருகினாள்.

கதவு அவள் வயிற்றில் இடித்து மூடிக்கொண்டது. மணி அடித்தது.

கையுறை போட்ட ஊழியர் ஓடி வந்து, டிக்கெட்டை வாங்கித் தன் கருவியில் வைத்துப் பார்த்தார். இன்னொரு தரம் வைத்துப் பார்த்தார். மிகவும் வருத்தத்தோடு குனிந்தார்.

"மன்னிக்கணும். இந்த டிக்கெட்ல ஒருத்தங்க இப்பத்தான் வெளிய போயிருக்காங்க."

"யாரு? யாரு போனது?"

அவர் கை காட்டினார்.

வாசலுக்கு அப்பால் டான்டே போய்க்கொண்டிருந்தான். எப்போதும் கப்பல்காரனின் அகல எட்டு வைப்பவன், இப்போது பக்கத்தில் வருபவளுக்காக நடையைக் குறைத்திருந்தான். இடது முழங்கையை மடக்கி உடம்பிலிருந்து கொஞ்சம் விலக்கி வைத்திருந்தான். அந்த முழங்கைக்கு மேலே சட்டைத் துணி அழுந்தி, நான்கு விரல் அகலத்துக்குக் கசங்கியிருந்தது.

அவன் அந்தப் பக்கம் குனிந்து ஏதோ சொல்லிச் சிரித்தான்.

பதிலுக்கு யாரோ சிரிப்பது ரோவேனாவுக்குக் கேட்டது.