உருவம் தெரிந்தால்

கருவிப் பலகையின் ஓரத்தில், அவள் வரையாத ஒரு கை இருந்தது.

மாணவர்கள் தங்கள் கையால் எதையாவது செய்து பார்க்கட்டும் என்று பல்கலைக்கழகத்தில் அவள் வடிவமைத்த பட்டறை அது. தரையிலிருந்து எழும் வெள்ளைப் பலகையில் சுத்தியல், ரம்பம், குறடு என்று ஒவ்வொன்றின் உருவத்தையும் கறுப்பில் தீட்டி, மேலே கொக்கி அடித்திருந்தாள். கருவி தொங்கினால் உருவம் மறையும். உருவம் தெரிந்தால் கருவி வெளியே இருக்கிறது. அவ்வளவுதான் சட்டம்.

பலகையை அடித்துக் கொடுத்த ஆசாரியைப் போனில் பிடித்தாள். "அண்ணே, பலகையில கை வரைஞ்சது நீங்களா?"

"எனக்கு ஆணி அடிக்கவே நேரம் பத்தல, இதுல கை வரைய வேறயா? பேசாம வீட்டுக்குப் போம்மா. நாளைக்குப் பார்த்துக்கலாம்."

நாளைக்குத்தான் திறப்பு. சின்னக் குறை கிடைத்தாலும் போதும், அறையைப் பழையபடி விடைத்தாள் கிடங்காக்கிவிடப் பதிவாளர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தார். அந்த மனிதரோடு மல்லுக்கட்டி வாங்கிய அறை. விடுவாளா? கையின் மேல் வெள்ளைச் சாயத்தைப் பூசினாள்.

தூரிகையைக் கழுவிவிட்டு வந்தபோது மாலை வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. மரத்தூளும் டர்பன்டைனும் கலந்த, அவளுக்குப் பிடித்த அந்த வாசனைக்கு அடியில், நெடுநாள் பூட்டிய பெட்டியைத் திறந்தது போல ஒரு வாடை மெல்ல எழுந்தது. பலகையைப் பார்த்தாள். கை தோள்வரை வளர்ந்திருந்தது.

மறுபடி பூசினாள். பூசப் பூசத் தலை. கழுத்து. கால்கள். ஆள் உயரம். தோள்களுக்கு மேலே கொக்கிகள்.

உருவம் தெரிகிறது.

அப்படியானால், வெளியே இருக்கிறது.

பின்னால் மரத்தூள் நெரிபட்டது. ஓர் அடி. இன்னொன்று. கதவு பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் இதை இப்படியே விட்டு ஓடினால், நாளை இந்த அறை பிள்ளைகளுக்கு இல்லை.

"எடுத்தது எடுத்த இடத்துக்குப் போகணும்," என்றாள், திரும்பாமலே. குரல் நடுங்கியது, நடுங்கட்டும். "இங்க அதுதான் சட்டம். யாரா இருந்தாலும் சரி. போ, உன் இடத்துல நில்லு."

சத்தம் நின்றது. சில்லென்று ஏதோ அவள் தோளை உரசிக்கொண்டு முன்னே போனது. கொக்கிகள் முனகின. அந்த உருவம் நிறைந்துவிட்டது.

"அப்படி வா வழிக்கு."

அப்போதுதான் பலகையில் அதற்குப் பக்கத்தில் பார்த்தாள். ஈரம் காயாத கறுப்பில் இன்னோர் உருவம். கொண்டையில் செருகிய பென்சில். கையில் தூரிகை. அவளேதான்.

காலியாக.

"நடக்காது," என்று தூரிகையை வெள்ளையில் தோய்த்தாள்.

தொங்கிக்கொண்டிருந்தது மெல்லக் கையை நீட்டி, அவளுக்கான கொக்கிகளைத் துடைக்கத் தொடங்கியது.