முன்னால் வந்தவள்

"நேத்துதானம்மா கொண்டாந்து விட்டேன். அதுக்குள்ள திரும்ப எங்க போயிட்டு வாரிய?" என்று கேட்டார் ஆட்டோக்காரர் மாடசாமி.

மோகனப்ரியா முதுகுப் பையைக் கழற்றி இருக்கையில் போட்டுவிட்டு அதன் மேலேயே சாய்ந்தாள். காலையில் எர்ணாகுளத்தில் ஏறி, முன்பதிவில்லாத பெட்டியில் கதவோரமாக நின்றும் குந்தியும் பத்து மணி நேரம் வந்து, இப்போதுதான் ஓசூரில் இறங்கியிருந்தாள். கால்கள் இன்னும் ரயிலிலேயே இருப்பது போல ஆடிக்கொண்டிருந்தன. பதில் சொல்வதே பெரிய வேலையாகத் தெரிந்தது.

"நேத்து நான் கொச்சியில இருந்தேண்ணா. வேற யாராச்சும் இருக்கும்."

"இதே பைதான். இதே நீலம்." மாடசாமி கண்ணாடியைத் திருப்பி அவளை ஒரு தடவை பார்த்தார். "ஜூஜூவாடிக்குப் போகணும்னு நீங்க சொல்லவே இல்ல, எனக்குத்தான் தெரியுமே. தொப்பலா நனைஞ்சு வந்திய. சீட்டு இன்னைக்கு மத்தியானந்தான் காஞ்சுது."

"நேத்து இங்க மழையா?"

"மழை ஏது," என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

ஷிப்டு முடிந்த கம்பெனி பஸ்கள் வரிசை கட்டி நின்றதால் ஆட்டோ ஊர்ந்துதான் போயிற்று. குளிர்காற்றில் டீசல் புகையும், எங்கோ ரப்பர் காய்ச்சும் வாடையும், பூ ஏற்றிப்போகும் டெம்போவிலிருந்து பிரிந்து வந்த ரோஜா மணமும் கலந்து முகத்தில் அடித்தன. அவளுக்குப் பழகிய வாசனைதான். ஏழு வருடமாக இதே சாலையில், தூங்கி வழிகிற முகத்தோடு, வாரத்துக்கொரு ஷிப்டாகப் போய்வருகிறாள். ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் அசெம்பிளி லைனில் நின்றுகொண்டே செய்கிற வேலை. இந்த வருடம் சேர்ந்திருந்த ஐந்து நாள் லீவை முதன்முறையாகத் தனக்கென்று எடுத்தாள். கல்லாவியில் தனியாக இருக்கும் அம்மாவிடம் பெங்களூரில் டிரெய்னிங் என்று சொல்லிவிட்டு, ஒரு பையோடு கொச்சிக்குக் கிளம்பிப் போனாள்.

போன இடத்திலும் சிக்கனம்தான். ஃபோர்ட் கொச்சியில் எட்டுப் பேர் படுக்கும் அறையில் ஒரு மேல்கட்டில். மின்விசிறி வெக்கையைத்தான் சுற்றிச் சுற்றி அனுப்பியது. துவைத்த துணி மறுநாளும் பிசுபிசுவென்று உப்புக் காற்றைக் குடித்துக்கொண்டு கம்பியில் தொங்கியது. படகும் டவுன் பஸ்ஸும் நடையுமாக ஊரைச் சுற்றினாள். புட்டும் கடலையும் சாப்பிட்டுப் பொழுதை ஓட்டினாள். பாதம் கொப்புளித்தது. ஓய்வுக்காகப் போனவள், களைப்பை இடம் மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். ஆனாலும் அங்கே யாரும் அவளைப் பெயர் சொல்லி எழுப்பவில்லை. அது பிடித்திருந்தது.

முந்தாநாள் மாலை, படகேறி எதிரே இருந்த தீவில் ஒரு கடற்கரைக்குப் போனாள். இடுப்பளவுத் தண்ணீரில் நின்றாள். காலடியில் மணல் நழுவியது. அடுத்த அலை அவளை இழுத்துக் கவிழ்த்தது. பச்சை இருட்டு. காதுக்குள் தண்ணீர் அரைக்கிற சத்தம். அப்போது ஒரு கை அவள் கையைப் பற்றியது. விரல்களுக்குள் விரல் கோத்து, தோழி பிடிப்பது போல இறுகப் பிடித்தது. பிறகு எப்படிக் கரைக்கு வந்தாள் என்று தெரியவில்லை. மணலில் குப்புறக் கிடந்து இருமினாள். வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர் ஓடி வந்து, கூட வந்தவள் எங்கே என்று மலையாளத்தில் கேட்டார். தனியாகத்தான் வந்தேன் என்றாள். அவர் கடலைப் பார்க்கவில்லை. கரையோரமாகத் தெற்கே பார்த்தார். யாரோ நடந்து போவதைப் பார்ப்பது போல வெகுநேரம் பார்த்தார். அப்புறம் வலையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்றிலிருந்துதான் இந்த அசதி. நேற்று முழுக்கக் கட்டிலைவிட்டு இறங்கவே இல்லை. எத்தனை தூங்கினாலும் தீராமல், எலும்புக்குள் ஈர மணலைக் கொட்டி வைத்தது போல.

ஆட்டோ தெருமுனையில் நின்றது. இறங்கியபோது மாடசாமி அவளை மறுபடி உற்றுப் பார்த்தார்.

"ஒடம்புக்கு முடியலையா? நேத்துப் பாத்ததுக்கு இன்னைக்கு முகம் என்னமோ மங்கிப்போய் இருக்கு."

அவர் போனதும், அறைத்தோழி மெஹக்கிடம் சோறு வைக்கச் சொல்லலாம் என்று போனை எடுத்தாள். முகத்தின் முன்னால் பிடித்தாள். திறக்கவில்லை. தெருவிளக்கின் அடியில் போய் நின்று பிடித்தாள். முகம் பொருந்தவில்லை என்றது. முடியை ஒதுக்கிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். பொருந்தவில்லை. கடைசியில் ரகசிய எண்ணை அழுத்தித் திறந்தாள். பேசிய அழைப்புகளின் பட்டியலில் முதலில் அம்மா பெயர் இருந்தது. நேற்று இரவு எட்டு மணி. நாற்பத்தெட்டு நிமிடம்.

அம்மாவிடம் அவள் ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசியதே கிடையாது. நேற்று அவள் பேசவே இல்லை.

போன் கெட்டிருக்கும் என்று நினைத்தாள். தண்ணீர் பட்டிருக்கும். படியேறிப் படுத்தால் போதும். காலையில் யோசித்துக்கொள்ளலாம்.

மூன்று மாடிக்கும் சேர்த்துப் பத்து அறைகள் கொண்ட கட்டடம். கீழே வாசலில் வீட்டுக்காரம்மா நஞ்சம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தரைக்கடியில் இருந்த சம்பிலிருந்து தண்ணீர் குழாய் வழியாக மேலே ஏறும் சத்தம் சுவருக்குள் கேட்டது.

"யாரும்மா அது?"

"நான்தாம்மா." தொண்டை கரகரத்தது.

நஞ்சம்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். ஒவ்வொரு நாளும் பார்க்கிற முகத்தைப் பார்க்கிற பார்வையாக அது இல்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் ஊர் விசாரிக்கிற பார்வை.

"ப்ரியாவோட அக்காவா? ஜாடை இருக்குது. அக்கா இருக்கறான்னு அந்தப் பொண்ணு சொன்னதே இல்லியே. மேலதான் இருக்கறா, போ. போயி அவகிட்ட கொஞ்சம் சொல்லும்மா. நேத்து வந்ததுலருந்து குளிச்சுகினே இருக்கறா. நாலு தபா டேங்கு காலி. மோட்டாரு போட்டு போட்டு எனக்குக் கை ஓஞ்சுபோச்சி."

மோகனப்ரியாவுக்கு எதையாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. நான்தான் ப்ரியா என்று சொல்லலாம். அடையாள அட்டையை எடுத்துக் காட்டலாம். அதற்குப் பையைத் திறக்க வேண்டும், குனிய வேண்டும், பேச வேண்டும். சொந்த வீட்டு வாசலில் நின்று, தான் யார் என்று விளக்க வேண்டும். அந்த அலுப்பு பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. அவள் படியேறினாள்.

முதல் மாடியில் யாரோ பருப்புத் தாளித்தார்கள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் அந்த வாசனை நின்றுபோய் வேறொன்று வந்தது. உப்பு. காயாத வலை. வெயிலில் கிடந்து அழுகிய பாசி. கடல் இங்கிருந்து எந்தத் திசையில் போனாலும் பல மணி நேரத் தூரம். படிகள் ஈரமாக இருந்தன. சுவரைப் பிடித்தாள். சுவரும் ஈரம்.

அறையின் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினாள்.

மெஹக்தான் திறந்தாள். ஐந்து வருடமாக ஒரே பாயில் படுத்து, ஒரே தட்டில் பகிர்ந்து சாப்பிட்டவள். காய்ச்சல் வந்த ராத்திரியெல்லாம் ப்ரியாவின் தலையை மடியில் வைத்திருந்தவள். நைட்டியின் மேல் துப்பட்டாவை இழுத்துப் போட்டுக்கொண்டு மரியாதையாக நின்றாள்.

"யாருங்க வேணும்?"

"மெஹக். விளையாடாத. எனக்கு நிக்கவே முடியல."

மெஹக் ஒரு அடி பின்னால் போனாள். "எம் பேரு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் ப்ரியாடீ."

பெயரைச் சொல்லும்போதே அது வாயில் வழுக்கியது. மற்றவர் செருப்பைப் போட்டுக்கொண்டது போல. மெஹக்கின் முகத்தில் கோபமில்லை, குறும்பும் இல்லை. வழிதவறி வந்தவளைப் பார்த்து இரங்குகிற முகம்.

"ப்ரியா உள்ள இருக்காங்க," என்றாள் மெஹக். பிறகு தோளுக்கு மேலாகக் கூப்பிட்டாள். "ப்ரியா, யாரோ உன்னைத் தேடிட்டு வந்திருக்காங்க. பாவம், ஒடம்பு சரியில்ல போல."

உள்ளே குளியலறையில் தண்ணீர் கொட்டும் சத்தம் நின்றது.

ஈரக்கால்கள் தரையில் பதியும் சத்தம். மெதுவாக. ஒன்று. இன்னொன்று.

"யாரா இருந்தாலும் நாளைக்கு வரச் சொல்லு மெஹக். அலுப்பா இருக்குது."

அவள் குரல். ஷிப்டு முடிந்து வந்து மோகனப்ரியா பேசுகிற அதே குரல், கடைசி எழுத்தை இழுக்கிற அதே பழக்கம். ஆனால் அதில் அலுப்பு இல்லை. அலுப்பை நன்றாகக் கற்றுக்கொண்ட ஒன்று இருந்தது.

"மன்னிச்சுக்கங்க," என்று சொல்லி மெஹக் கதவைச் சாத்தினாள். தாழ் விழுந்தது.

மோகனப்ரியா கதவில் நெற்றியை வைத்தாள். மரம் குளிர்ந்திருந்தது. கையிலிருந்த போன் அதிர்ந்தது. அம்மா. பச்சைப் பொத்தானை இழுத்தாள். விரல் வழுக்கியது. மறுபடி இழுத்தாள். விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கி, வரிவரியாக ஊறிப்போயிருந்தன. திரை அவற்றை விரல் என்றே அறியவில்லை.

அதிர்வு நின்றது. யாரோ எடுத்துவிட்டார்கள்.

"சொல்லும்மா," என்றது உள்ளே அவள் குரல்.

ஸ்பீக்கரில் அம்மாவின் குரல் கதவுக்கு வெளியே வரை கேட்டது. "சாப்புட்டியா கண்ணு?"

"சாப்புட்டேம்மா. பொய் சொல்லிட்டு கொச்சிக்குப் போனதுக்குக் கோவமா இருக்கறியா இன்னும்?"

"அது கெடக்குது விடு. நேத்தே சொல்லிட்டியே. அத்தன நேரம் எங்கிட்ட நீ பேசி எத்தன வருசமாச்சு. ராவெல்லாம் எனக்குத் தூக்கமே இல்ல, சந்தோசத்துல."

"இனிமே இங்க என்னம்மா இருக்குது. வேலைய விட்டுர்றேன். காலைல மொத பஸ்ல வந்துர்றேன். ஒங்கூடவே இருந்துர்றேன்."

அம்மா அழுகிற சத்தம். சிரிக்கிற சத்தமும் அதுவே.

அம்மா, அது நான் இல்லை.

கத்த வேண்டும். இப்போதே. அம்மாவுக்குக் கேட்கிற மாதிரி. மூச்சை இழுத்தாள். நெஞ்சில் காற்றுக்கு இடமில்லை. வாயைத் திறந்தாள்.

சொல் வரவில்லை. தண்ணீர் வந்தது. உப்புத் தண்ணீர். மோவாயில் வழிந்து, கழுத்தில் இறங்கி, வாசலில் கொட்டியது. நிற்கவில்லை. கையால் வாயைப் பொத்தினாள். விரல்களுக்கு இடையில் வந்தது. அதில் மணல் இருந்தது. முட்டி போட்டு உட்கார்ந்தாள். கதவைத் தட்டினாள். நனைந்த துணி சுவரில் படுகிற சத்தம்தான் வந்தது.

"அங்க என்னமோ சத்தம் கேக்குதே," என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்லம்மா. தண்ணி லீக்காவுது."

"சரி, தூங்கு. காலைல ஏரிக்குப் போயி உனக்குப் புடிச்ச மீனு வாங்கியாறேன். நீ எத்தன மணிக்கு வேணா வா கண்ணு. கதவச் சாத்தாமயே வெச்சிருக்கறேன்."