பத்துச் செம்பரிதிகள்

உதகைப் பந்தயத் திடலில் அன்று ஓடவிருந்த பத்துக் குதிரைகளும் ஒரே குதிரைதான். பெயர் செம்பரிதி. அது செத்து வருஷக்கணக்காகிறது.

எட்வினுக்கு இருப்புக்கொள்ளவில்லை. உயிரோடிருந்த செம்பரிதியை ஓட்டி, போன ஊரிலெல்லாம் கோப்பை வாங்கிய ஜாக்கி அவர்தான். கடைசித் திருப்பம்வரை இரண்டாவதாக வந்து, அங்கே காதை மடக்கிக்கொண்டு ஒரு பாய்ச்சல் பாயும் பாருங்கள், அடடா! சாவதற்குள் அதை இன்னொரு தடவை பார்த்துவிட வேண்டும் என்றுதான் டாக்டர் பேச்சை மீறி மலையேறி வந்திருந்தார்.

ஓய்வுக்குப்பின் செம்பரிதியைப் பொலிகுதிரையாக்கினார்கள். குட்டிகள் அழகாகப் பிறந்தன, சுமாராக ஓடின. அப்பனின் பாய்ச்சல் ஒன்றுக்கும் வாய்க்கவில்லை. அதனால்தான் பண்ணைக்காரி சுலோச்சனா பதியன் முறையில் இறங்கினாள். செல்லிலிருந்து அதே உடம்பை வளர்ப்பது பழைய வித்தை. இவள் செம்பரிதி சாகுமுன் அதன் ஓட்ட நினைவையும் எடுத்துவைத்து, அப்படி வளர்த்த குட்டிகளின் மூளையில் பதியன் போட்டாள். பந்தயக் கூட்டத்தின் இரைச்சல் கேட்டால்தான் அந்த நினைவு விழிக்கும். அதுவரை எல்லாம் சாதாரணக் குதிரைகள்.

"அண்ணே, ஒண்ணுக்குப் பத்தா பார்க்கப் போறீங்க!" என்றாள் சுலோச்சனா.

"எனக்கு ஒண்ணு போதும்மா." எட்வினுக்குக் கண் கலங்கியது.

கதவுகள் திறந்தன. பத்தும் ஜோராகக் கிளம்பின. கொஞ்ச தூரம் போனதும் எல்லாம் வேகத்தைக் குறைத்தன. ஜாக்கிகள் சாட்டையை வீசினார்கள், கத்தினார்கள். ம்ஹூம். ஓட்டம் நடையாகி, நடையும் நின்றது. பத்தும் வரிசையாக நின்று எதிரே காலிப் பாதையைப் பார்த்தன. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

"மானம் போகுதே! என்னண்ணே வேணும் இதுங்களுக்கு?"

எட்வினும் அந்தக் காலிப் பாதையைப் பார்த்தார். "சிட்டைத் தேடுதுங்க" என்றார்.

சிட்டு ஒரு பெட்டைக் குதிரை. செம்பரிதி ஓடிய பந்தயங்களிலெல்லாம் முன்னால் பறந்து, கடைசித் திருப்பத்தில் மூச்சு வாங்கித் தோற்பாள். ஒரே ஒரு தடவை அவள் வரவில்லை. அன்றைக்குச் செம்பரிதி நகரவே இல்லை. வயிற்றுவலி என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள், எட்வின் உட்பட.

சுலோச்சனா முகம் தெளிந்தது. "அவ்வளவுதானே! அவளையும் பதியன் போட்டுடலாம். யார்கிட்ட இருக்கு அவ செல்?"

"தோத்த குதிரை செல்லை எவன்மா எடுத்துவைப்பான்?"

கீழே ஒரு செம்பரிதி தலையைத் தூக்கிக் கனைத்தது. காத்திருந்து பார்த்துவிட்டு, மற்றவையும் கனைக்கத் தொடங்கின. எட்வின் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.