அணைத்த பிறகும் எரிந்த வளையம்

அணைக்கச் சொல்லி நாலு நிமிடம் ஆகியும் திரையில் நீல வளையம் சிமிட்டிக்கொண்டே இருந்தது.

கப்பலின் கட்டுப்பாட்டு அறையில் இருந்த தங்கை கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தாள். கீழே ஆயிரம் மீட்டர் ஆழத்தில், ஒற்றை ஆள் நீர்மூழ்கிக்குள் அக்கா இருந்தாள். மெல்லிய கம்பி வழியே படமும் குரலும் மேலே வந்தன. எளிதில் கண்ணில் படாத ஆழ்கடல் கணவாய் மீனைப் படம்பிடிக்க இருவரும் சேர்ந்து செய்த ஏற்பாடு இது: கணவாயின் கண்ணுக்குத் தெரியாத சிவப்பு வெளிச்சத்தில் கேமரா, அதற்கு முன்னால் கணவாயை ஈர்க்க ஜெல்லி மீனைப் போலச் சிமிட்டும் நீலப் பல்பு வளையம். பல்புகளைக் கோத்தவள் தங்கை. மூன்றாவது பல்பு எரியாது. திரையில் தெரிந்த வளையத்திலும் மூன்றாவது இடம் இருட்டாகவே இருந்தது.

"அக்கா, இன்னும் அணைக்கலையா?"

"அப்பவே அணைச்சுட்டேன்டி. மடக்கி உள்ள இழுத்தாச்சு."

"அப்ப உன் முன்னால எரியுறது?"

ஒலிபெருக்கியில் அக்காவின் மூச்சும், அதற்குப் பின்னால் தண்ணீரின் எடை தாங்கி முனகும் இரும்பும், அதற்கும் பின்னால் எதுவுமே இல்லாத ஒரு பெரிய அமைதியும் கேட்டன.

"நானும் அதைத்தான் பாத்துட்டிருக்கேன்."

ஆய்வுப் பயணத்தின் தலைவர் தங்கையின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார். "அறுபது நாள் காத்திருந்தது இதுக்குத்தான். பத்து நிமிஷம் அங்கயே இருக்கச் சொல்லு."

"முடியாது சார்."

"இது என் உத்தரவு."

"அந்த உத்தரவை நீங்க கீழ போய்ப் போடுங்க. அக்கா, அடியில இருக்கிற எடையைக் கழட்டி விடு. மேல வா."

எண்ணூறு மீட்டர். அறுநூறு. வளையமும் கூடவே ஏறியது. நெருங்கவில்லை. விரிந்துகொண்டே போனது.

"நான் பயந்து ஓடுறேன்னு அது நினைச்சுக்கும். யாருன்னு பாத்துட்டே வர்றேன்" என்றாள் அக்கா. வெள்ளை விளக்கைப் போட்டாள்.

ஒவ்வொரு நீலப் புள்ளியும் ஒரு கையின் நுனி. மின்கம்பி போல மெலிந்த கைகள். நடுவில் முழங்கை போல ஒரு மடிப்பு. அதற்குக் கீழே நீண்டு, நீண்டு, இருட்டுக்குள். உடம்பு தெரியவில்லை.

முந்நூறு. நூறு. வளையம் திரையில் அடங்கவில்லை.

நடுப்பகல். பாரந்தூக்கி நீர்மூழ்கியைத் தளத்தில் இறக்கியது. மூடி திறந்து வந்த அக்காவின் கை ஐஸாக இருந்தது. முகத்தில் மட்டும் கோபம். பாரந்தூக்கியை இயக்கியவர் யாரும் சொல்லாமலே மோட்டாரை நிறுத்தினார்.

அலை இல்லை. சத்தம் இல்லை.

கப்பலைச் சுற்றி, எல்லாப் பக்கமும், கடலிலிருந்து அந்தக் கைகள் எழுந்தன. மெலிந்து. நேராக. தளத்தைத் தாண்டி, கொடிமரத்தையும் தாண்டி.

"உள்ள போயிடலாம்க்கா."

அக்கா தரையில் கிடந்த இரும்புக் கொக்கியை எடுத்தாள். "எதுக்கு? நாம கூப்பிட்டோம், வந்திருக்கு. மூஞ்சியைப் பாக்காம நான் நகர மாட்டேன்."

தங்கை அக்காவின் பக்கத்தில் போய் நின்றாள்.

காற்று வீசியது. கொடி படபடத்தது. அவை ஆடவில்லை.

பிறகு அத்தனையும், ஒரே சமயத்தில், முழங்கையை உள்பக்கமாக மடக்கின.