கடிபட்ட காது

தேசிய ரக்பி சங்கத்தின் செயலாளர் நாற்காலியில் உட்காரும்போதே புலம்பிக்கொண்டுதான் உட்கார்ந்தார்.

"மேடம், இன்னிக்குச் சாயங்காலம் நாட்டு அணியை அறிவிக்கணும். அதுக்குள்ள ஒருத்தர் காதை யார் கடிச்சாங்கன்னு தெரிஞ்சாகணும்."

"காதைக் கடிக்கிறதுன்னா ரகசியம் சொல்றதுதானே?" என்று சிரித்தான் அவசரம். அவன், செயலாளர் தேடி வந்திருந்த துப்பறியும் பெண்மணியின் கொழுந்தன், அவருக்கு உதவியாளனும்கூட. முடிவு முதலிலும் யோசனை பிறகும் வருகிற பிறவி என்பதால் வீட்டில் வைத்த பெயர் அது. அண்ணி சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி, "நிஜப் பல்லா?" என்று மட்டும் கேட்டார்.

நிஜப் பல்தான். ரக்பியில் ஸ்க்ரம் என்று ஒன்று உண்டு. இரு அணியிலும் முன்வரிசை மூவர் தோளோடு தோள் கோத்துக் குனிந்து, எதிராளிகளின் தலைகளுக்கு இடையே தலையைக் கொடுத்து முட்டித் தள்ளுவார்கள். பின்னால் நிற்பவர்களின் பலமும் சேர்ந்துகொள்ளும். உள்ளே நடப்பது கேமராவுக்குக்கூடத் தெரியாது. போன வாரம் நடந்த ஒரு கிளப் போட்டியில், அந்த முட்டலில் தன் காதைக் கடித்துவிட்டதாக ஒரு முன்வரிசைக்காரர் புகார் கொடுத்திருந்தார். புகார், அவருக்கு நேர் எதிரே நின்ற 'தூண்' மேல். அந்த மூத்த ஆட்டக்காரரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"கடிச்சது உண்மைன்னா பல மாசத் தடை. அவர் வயசுக்கு அதோட ஆட்டம் முடிஞ்சுது. இத்தனை வருஷத்துல ஒரு கெட்ட பேர் எடுத்ததில்லை. மனசு கேக்கல, வந்துட்டேன்."

"தூண் போனா அந்த இடம் யாருக்கு?"

செயலாளர் தயங்கினார். "புகார் கொடுத்தவரோட தம்பிக்கு. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ஒரே கிளப்தான்."

"போச்சு! அண்ணன் பொய் சொல்றார், அவ்வளவுதான்." அவசரம் எழுந்தேவிட்டான்.

"காயம் பொய்யில்லையே, கொழுந்தனாரே. உட்காருங்க."

செயலாளர் நீட்டிய படத்தில் ஓர் இடது காது இருந்தது. வழவழப்பான, நல்ல காது. அதில் மேலும் கீழுமாக இரண்டு வரிசைப் பல்தடம் அச்சுக் குத்தியதுபோலப் பதிந்திருந்தது, கிழிசல் இல்லை. அண்ணி அதை நெடுநேரம் பார்த்தார்.

"யார் எடுத்த படம்?"

"தம்பிதான். எடுத்துட்டுக் கட்டும் போட்டுவிட்டிருக்கான். கமிட்டியைத் தவிர யாரும் இதைப் பார்க்கல. தூண்கிட்ட காதுன்னு மட்டும்தான் சொல்லியிருக்கோம்."

மதியம் சங்கத்தின் கூட்ட அறையில் எல்லோரும் கூடினார்கள். கண்ணாடி அலமாரியில் கோப்பைகள், தரையில் தடித்த கம்பளம், மேசையைச் சுற்றி டை கட்டிய கமிட்டிக்காரர்கள். அவர்களில் ஸ்க்ரமில் தலை கொடுத்தவர் ஒருவரும் இல்லை. புகார் கொடுத்த அண்ணன் தலையைச் சுற்றிக் கட்டோடு இருந்தார். பின்னால் நின்ற தம்பி நிமிரவே இல்லை.

தூணின் இரு காதுகளும் கசங்கிச் சுருண்டு, காய்த்துப் போயிருந்தன. அவசரம் வாய் பிளந்து பார்த்தான்.

"என்ன பாக்கறீங்க? ஸ்க்ரம்ல உரசி உரசி இப்படி ஆயிடும்," என்றார் தூண். சிரித்தாலும் தூங்காத கண்கள். "எனக்கு ரெண்டு பக்கமும் எதிராளி தலை. அதான் ரெண்டும் போச்சு."

அண்ணி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "மேசையைத் தள்ளுங்க. மெதுவா ஒரு ஸ்க்ரம் போட்டுக் காட்டுங்க."

இடது ஓரம் அண்ணன், வலது ஓரம் தம்பி. நடுவில் ஆள் இல்லாததால் அவசரம் மாட்டிக்கொண்டான். எதிரே தூண் குனிந்து, பழக்கம் மாறாமல், அண்ணனுக்கும் அவசரத்துக்கும் இடையே தலையைச் செருகினார். கொழுந்தனின் கழுத்து முறியாத குறை.

"அண்ணனோட எந்தக் காது தூண் பக்கம் இருக்கு?"

"வலது!" என்று கம்பளத்தைப் பார்த்துக் கத்தினான் அவசரம்.

"இடது?"

"அது காத்து வாங்குது, அண்ணி!"

தூண் சட்டென்று நிமிர்ந்தார். "இடது காதா? அது எனக்கு எப்படி எட்டும்?"

அண்ணி கேட்க, அண்ணன் தானே கட்டை அவிழ்த்தார். வலது காது தூணின் காதுகளைப் போலவே சுருண்டு கிடந்தது. இடது காது மட்டும் வழவழவென்று, தழும்போடு.

"ஸ்க்ரம்ல தேயாத காதை ஸ்க்ரம்ல கடிக்க முடியாது," என்றார் அண்ணி. "வலது காது காய்ச்சுப் போச்சு, அதுல பல் பதியாது. வேற வழியில்லாம இடதைக் கொடுத்தீங்க. இங்க இருக்கறவங்களுக்கு வித்தியாசம் தெரியாதுன்னு நம்பினீங்க."

"தன் காதைத் தானே கடிச்சுக்க முடியுமா?" என்றார் ஒரு கமிட்டிக்காரர்.

"முடியாது. ஆனா இந்தத் தடத்துல கோபமே இல்லைங்க. அவ்வளவு பேர் தள்ளுற இடத்துல கடிச்சிருந்தா காது கிழிஞ்சிருக்கும். இவர் அசையாம நின்னிருக்கார். கடிச்சவர் வலிக்குமேன்னு பாத்துப் பாத்துக் கடிச்சிருக்கார். ஒருத்தர் பல்லுக்கு நடுவுல காதைக் கொடுத்துட்டு சும்மா நிக்கணும்னா, அந்த ஒருத்தர் யாரா இருக்கணும்?"

தம்பி முகத்தைப் பொத்திக்கொண்டான். "வேணாம்னு சொன்னேன். அப்புறம்... சொல்லாம விட்டுட்டேன்."

"யோசனை என்னோடது," என்று அண்ணன் குறுக்கே வந்தார். "தண்டனையை எனக்குக் கொடுங்க. இவனை விட்டுடுங்க."

தூணுக்குக் கோபம் வரும் என்று அவசரம் காத்திருந்தான். வரவில்லை. அவர் செயலாளர் பக்கம் திரும்பினார்.

"இதுதான் என் கடைசித் தொடர்னு போன மாசமே உங்ககிட்ட தனியா சொன்னேன். அடுத்து அந்த இடத்துக்கு யாருன்னு கேட்டீங்க. யார் பேரைச் சொன்னேன்?"

செயலாளர் திரும்பித் தம்பியைப் பார்த்தார். அண்ணன் அந்த நல்ல காதைப் பொத்திக்கொண்டு விசும்பி அழுதார்.

மாலையில் அறிவித்த அணியில் தூண் இருந்தார். சகோதரர்கள் இருவருக்கும் நீண்ட தடை விழுந்தது.

வீட்டுக்கு நடந்து வரும்போது அவசரம் வழக்கத்துக்கு மாறாக அண்ணிக்குப் பின்னாலேயே நடந்தான். பிறகு கேட்டான்: "அண்ணி, எனக்கு ஒண்ணுன்னா எங்க அண்ணன் இப்படிக் காதைக் கொடுப்பாரா?"

"கேக்கணுமா? உடனே கொடுப்பார்." அண்ணி நடையை நிறுத்தவில்லை. "வேணாம்னு சொல்ல வேண்டியது நீங்கதான்."