ஐந்தரை மணித் தீனி

அந்த மீன் துடிக்கவில்லை.

ஒக்ரோபர் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை, மாலை ஐந்தரை மணிக்கு, மட்டக்குளியில் களனி ஆற்றுக்கு இறங்கும் கருங்கற்படியொன்றில் அமர்ந்திருந்த திரு. நவரத்தினம், தமது தூண்டிலில் வந்த மீனை மேலே தூக்கியபோது முதலில் கவனித்தது அதைத்தான். தக்கை அசையவில்லை. தடி வளையவில்லை. நைலோன் நூல் சற்றுக் கனத்தது, அவ்வளவுதான். உள்ளங்கையிலும் சற்றே பெரிய, ஜப்பான் மீன் என்று சொல்லும் திலாப்பியா ஒன்று, கொடியில் காய்ந்த துணியை எடுத்தாற்போல எந்த எதிர்ப்புமின்றி மேலே வந்தது. உயிர் இருந்தது, செவுள்கள் ஆறுதலாகத் திறந்து மூடின. தூண்டில் முள் அதன் கீழுதட்டில் புகுந்து மேலுதட்டின் வழியாக நேராக வெளிவந்திருந்தது. கிழிசல் இல்லை, இரத்தம் இல்லை. யாரோ பொறுமையாக உட்கார்ந்து கோத்துவிட்டது போன்ற துப்புரவு.

"மோட்டு மீன்," என்று நவரத்தினம் அதனிடம் சொன்னார். பிறகு அதைப் பைக்குள் போட்டார்.

அவருக்கு மீன்களின் புத்தியைப் பற்றி நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை. மீன் பிடிப்பவர்களைப் பற்றி அதிலும் குறைவு. கொட்டாஞ்சேனையில், துறைமுகச் சரக்குகளை விடுவித்துக் கொடுக்கும் அலுவலகமொன்றில் அவர் தலைமை எழுதுவினைஞர். அவருக்குக் கீழே வேலை செய்யும் கிளின்ரன், ஆண்டுதோறும் ஒக்ரோபர் மழை தொடங்கி ஆறு கலங்கியதும், றொஹானையும் வேறு இரண்டொரு பேரையும் சேர்த்துக்கொண்டு சனிக்கிழமைகளில் தூண்டிலோடு புறப்பட்டுவிடுவான். மத்தியானம் முழுதும் குந்தியிருந்து விரற்பருமனில் நான்கு மீன் பிடிப்பார்கள். திங்கட்கிழமை மதியச் சாப்பாடு வரை அதையே கதைப்பார்கள். அலுவலகமே சுற்றி நின்று கேட்கும். இருபத்தாறு ஆண்டுகளில் நவரத்தினம் செய்த எந்தக் காரியத்தைப் பற்றியும் அந்த அலுவலகத்தில் எவரும் அரை மணி நேரம் கதைத்ததில்லை. அதுதான் காரணமென்று அவர் ஒருபோதும் ஒப்புக்கொண்டிருக்கமாட்டார். ஒரு வேலையை எப்படிச் செய்ய வேண்டுமென்று இந்த ஆட்களுக்குக் காட்டவே தாம் ஆற்றுக்கு வந்ததாக அவர் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார்.

அவர் முறையாகத்தான் செய்தார். அந்தச் சனிக்கிழமைக்கு முந்திய ஏழு நாட்களும், ஒவ்வொரு நாளும் மோட்டார் சைக்கிளில் ஆற்றங்கரைக்குச் சென்று, பழைய பாணையும் தவிட்டையும் புண்ணாக்கையும் பிசைந்த உருண்டைகளை ஒரே இடத்தில், சரியாக ஐந்தரை மணிக்கு எறிந்தார். அது ஒன்றும் பெரிய வித்தையல்ல. ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் ஏழு நாள் தீனி போட்டால், எட்டாம் நாள் கேள்வி கேளாமல் வாயைத் திறந்துகொண்டு வந்து நிற்கும் பிராணி அது. கையைப் பார்க்காது. தீனி ஏன் வருகிறதென்று யோசிக்காது. இதைக் கிளின்ரனுக்கு விளக்கியபோது அவருடைய உதட்டோரம் தானாகவே ஒரு பக்கம் கோணிற்று. அலுவலகத்தில் அந்தக் கோணலை எல்லோரும் அறிவார்கள்.

மற்றவர்கள் இருப்பது ஆற்றங்கரை மதிலோரம். நவரத்தினம் தெரிந்தெடுத்தது, அங்கிருந்து ஐம்பது மீற்றர் தள்ளி, பூட்டிக் கிடக்கும் பழைய பண்டசாலையின் பின்புறத்தில் ஆற்றுக்குள் இறங்கும் படிகளை. அங்கே வேறெவரும் இருப்பதில்லை. ஏனென்று கிளின்ரன் முதல் நாளே சொல்லியிருந்தான். போன வருடம் அங்கே எட்வேட் இருந்தானாம். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுபவன். வெயிலோ மழையோ, செம்மஞ்சள் மழைக்கோட்டைக் கழற்றாதவன். கிழமைக்குக் கிழமை பெரிய மீனாகப் பிடித்தானாம். நவம்பரில் ஒரு சனிக்கிழமைக்குப் பிறகு ஆளைக் காணவில்லை. இத்தாலிக்குப் போய்விட்டான் என்று ஊரில் பேச்சு.

"பாஸ்போட் வீட்டிலதான் இருக்கு, சேர்," என்றான் கிளின்ரன். "அவன்ட அக்கா பேர்ணடெற் எனக்குக் காட்டினவ."

"அப்ப கள்ளப் பாஸ்போட்டிலை போயிருப்பான்," என்றார் நவரத்தினம். "உம்மடை ஆக்கள்தானே."

கிளின்ரன் சிரிக்கவில்லை. கோபிக்கவுமில்லை. படிகளை ஒருமுறை பார்த்துவிட்டு மதிலுக்குத் திரும்பிப் போனான்.

ஆற்று மீனை அவருடைய வெள்ளவத்தை வீட்டில் எவரும் தின்பதில்லை. பேலியகொடைச் சந்தையில் நல்ல பாரை கிடக்கச் சேற்று மீனை ஏன் சுமந்து வருகிறீர்களென்று மனைவி நேசமலர் கேட்டார். தொடர்மாடியின் கீழே பூனைகளுக்கு வைத்தார்கள். ஐந்து பூனைகளும் வட்டமாக உட்கார்ந்து அந்த மீனைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றேனும் கிட்டப் போகவில்லை. காலையில், எறும்பும் மொய்க்காமல், வைத்தபடியே கிடந்தது.

மூன்றாம் சனிக்கிழமை மீன் ஒரு முழம் தள்ளி நின்றது. அப்படித்தான் அவருக்குத் தோன்றியது. வழக்கமான படியில் எவ்வளவு நேரம் இருந்தும் தக்கை செத்தது போல மிதந்தது. ஒரு படி கீழே இறங்கி அமர்ந்தவுடன் நூல் கனத்தது. கைக்கடிகாரத்தில் ஐந்தரை. முன்னதிலும் பெரியது. துடிக்கவில்லை. கீழுதட்டில் புகுந்து, மேலுதட்டில் வந்த முள்.

நான்காவது வாரம் முழுவதும் பின்னேர இடிமழை. ஒரு நாளாவது அவர் தீனி போடப் போகவில்லை. ஆகையால் அந்தச் சனிக்கிழமை அவர் எதையும் எதிர்பார்க்கவில்லை. மழை விட்டிருந்ததால் வந்தார், மற்றவர்கள் வெறுங்கையோடு போவதைப் பார்க்கும் ஆசையும் இருந்தது. ஆறு காய்ச்சிய தேநீரின் நிறத்தில், ஆகாயத்தாமரைக் குவியல்களையும் தென்னங்குரும்பைகளையும் சுழற்றிக்கொண்டு ஓடிற்று. அக்கரையில் லொறிகள் ஹோர்ன் அடிப்பது பஞ்சு வைத்த காதில் கேட்பது போலக் கேட்டது. அழுகிய வாழைத்தண்டும் டீசலும் கலந்த வாடை. அதனடியில் வேறொரு வாடையும் இருந்தது. புளித்த பாண், தவிடு, புண்ணாக்கு. அவர் போடாத தீனியின் வாடை. படிகளின் கீழே நீர் மோதும் ஓசை, பல்லில்லாத வாயொன்று ஆறுதலாக மென்றுகொண்டிருப்பதை ஒத்திருந்தது.

இன்னொரு படி இறங்கினார். ஐந்தரை. முழங்கை நீளத்தில் ஒரு விறால்.

அதைத் தூக்கிக்கொண்டு மதிலடிக்குப் போனபோது அங்கிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். வேலைக்காகவன்றி அவருக்காக மனிதர்கள் எழுந்து நின்றது அதுவே முதல் தடவை. நெஞ்சுக்குள் இதமாக ஏதோ பரவிற்று.

"மீனும் பயத்துல வருது போல, சேர்," என்றான் றொஹான். "ஒபிஸ்ல லீவு கேக்க நாங்க வாற மாதிரி."

எல்லோரும் சிரித்தார்கள். கிளின்ரன் மட்டும் குனிந்து மீனின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சேர், இத யாரு கோத்தது?"

"என்ன கோக்கிறது? அது கடிச்சது."

"கடிச்ச மீனுக்கு முள் இப்பிடிப் போகாது. நாங்க விறாலுக்கு எண்டு சின்ன மீன உசிரோட கோப்பம் பாருங்க, ரெண்டு உதட்டையும் சேத்து. சாகாம ஓடிக்கிட்டு இருக்கத்தான். அந்த மாதிரிக் கோத்திருக்கு." அவன் குரலைத் தாழ்த்தினான். "எட்வேட்ட மீனும் இப்பிடித்தான் வந்தது."

"உமக்குப் பொறாமை, கிளின்ரன்," என்றார் நவரத்தினம். உதடு கோணிற்று.

ஆனால் மறுநாள், ஞாயிற்றுக்கிழமை மாலை, வீட்டு பல்கனியில் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றவரை நேசமலர் வந்து தோளில் தொட்டார்.

"இஞ்சேருங்கோ, ஏன் வாயைத் திறந்து திறந்து மூடுறியள்?"

அவர் அதை அறிந்திருக்கவில்லை. வாய் நிறைய எச்சில் ஊறியிருந்தது. சட்டைக் கழுத்து நனைந்திருந்தது. நின்றதும் கடலைப் பார்த்தல்ல. பல்கனியின் வலது மூலையில், சுவரோடு முகத்தை ஒட்டிக்கொண்டு வடக்கே, ஆற்றின் திசை நோக்கி நின்றிருக்கிறார். உள்ளே சுவர்க்கடிகாரத்தில் ஐந்து முப்பத்திரண்டு.

திங்களும் அப்படியே. அலுவலகத்தில் கோப்பொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தவர், திடீரென்று தாம் படிக்கட்டில் பாதி இறங்கி நிற்பதைக் கண்டார். செவ்வாயும் அப்படியே. வியாழக்கிழமை, தமது உடம்பே ஐந்தரைக்கு அலாரம் அடிப்பதை நினைத்து அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிக்க வாயைத் திறந்தபோது எச்சில் வழிந்தது.

அவரை எவரும் கட்டாயப்படுத்தவில்லை. போகாமல் விட்டிருக்கலாம். ஐந்தாம் சனிக்கிழமை போகாமலிருக்கவே தீர்மானித்தார். பிறகு, போகாவிட்டால் கிளின்ரன் என்ன நினைப்பான் என்பது ஞாபகத்துக்கு வந்தது. பயந்துவிட்டார் என்பான். அதையே அரை மணி நேரம் கதைப்பார்கள். போனார். இறங்கினார். கையளவு அகலத் தலையுள்ள விறால் வந்தது. அன்று றொஹான்கூடச் சிரிக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை கிளின்ரன் மேசைக்கு வந்து, ஆறு பெருகியிருப்பதால் நாளைக்கு அவர்கள் எவரும் போகவில்லை என்று அறிவித்தான். போய்விடாமல் சிறிது நின்றான்.

"சேர், கோவிக்காதீங்க. நீங்களும் போகாதீங்க."

"நான் உம்மட்டை லீவு கேக்கயில்லையே," என்றார் நவரத்தினம்.

சனிக்கிழமை அவர் ஐந்தே கால் மணிக்குப் படிகளின் தலைப்பில் நின்றார். வானம் கரிக்கட்டை நிறம். மழை இல்லை, காற்றும் இல்லை. மதிலோரம் வெறுமையாகக் கிடந்தது. படிகளில் பாதியை ஆறு மூடியிருந்தது. போன வாரம் அவர் அமர்ந்த படி இப்போது நீருக்குள். இன்று மேலிருந்து இரண்டாம் படியைத் தாண்டுவதில்லை என்று அவர் தமக்குள் உறுதி செய்துகொண்டார். ஒரேயொரு மீன். எல்லாவற்றிலும் பெரியது. அதைத் திங்கட்கிழமை கிளின்ரனின் மேசையில் வைப்பது. பிறகு இந்தப் பக்கமே வருவதில்லை.

தூண்டில் தடியைப் பையிலிருந்து எடுத்தபோது, தாம் இரண்டாம் படியையும் தாண்டி நீரோரம் இறங்கி நிற்பதைக் கண்டார். நூல் இன்னும் சுற்றியபடியே இருந்தது. முள்ளில் இரை கோக்கவில்லை.

ஆனால் மீன் ஏற்கெனவே வந்திருந்தது.

நீர் தொடும் படிக்குச் சற்று அப்பால், கைக்கு எட்டும் தூரத்தில், பிள்ளையொன்றின் நீளத்தில் ஒரு விறால் மெதுவாக வட்டமிட்டுக்கொண்டிருந்தது. வலமாக ஒரு வட்டம். மறுபடி வலமாக. நீரோட்டம் அதை இழுத்துச் செல்லவில்லை. அதன் இரண்டு உதடுகளையும் சேர்த்து ஒரு முள் கோத்திருந்தது. முள்ளிலிருந்து நூல் ஒன்று.

நூல் அவரிடம் வரவில்லை.

கீழே போயிற்று.

அவர் தமது கையிலிருந்த தடியைப் பார்த்தார். சுற்றிய நூலைப் பார்த்தார். மீனைப் பார்த்தார். ஒக்ரோபரிலிருந்து தாம் பிடித்த ஒவ்வொரு மீனும், ஒவ்வொரு படியும், ஒவ்வொரு ஐந்தரை மணியும் ஒன்றன்பின் ஒன்றாக அவருக்குள் வந்து அமர்ந்தன. ஒரே இடம். ஒரே நேரம். கையைப் பார்க்காது. தீனி ஏன் வருகிறதென்று யோசிக்காது.

திரும்பிப் போகவேண்டும். மேலே ஆறே ஆறு படிகள். வீதி. மோட்டார் சைக்கிள். நேசமலர் இப்போது தேநீர் ஊற்றிக்கொண்டிருப்பார்.

வாயில் எச்சில் ஊறிற்று.

ஒரு கால் இறங்கிற்று. தண்ணீர் சப்பாத்துக்குள் புகுந்தது. குளிரவில்லை. உடம்பின் சூடு அதில் இருந்தது. மற்றக் கால். தடி கையிலிருந்து நழுவி எங்கோ விழுந்தது, ஓசை கேட்கவில்லை. முழங்கால். இடுப்பு. மீன் விலகவில்லை. வட்டத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தது. அதன் கண்ணில் பயமில்லை, களைப்பு மட்டுமே இருந்தது.

அந்தக் கலங்கிய ஆற்றில், மீனின் அடியில் ஒரு பாய் அகலத்துக்கு மட்டும் நீர் தெளிந்திருந்தது.

படிகள் முடியவில்லை. கீழே, கீழே, இன்னும் கீழே.

அவற்றில் ஒன்றில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். செம்மஞ்சள் மழைக்கோட்டு நீரோட்டத்தில் மெல்ல உப்பி அடங்கிற்று. முழங்கால்களைச் சேர்த்து, முதுகை வளைத்து, தூண்டிற்காரர்கள் இருக்கும் அதே இருப்பு. மீனின் நூல் அவனுடைய விரலில் சுற்றியிருந்தது. அவனுடைய இரண்டு உதடுகளையும் சேர்த்து, கீழிருந்து மேலாக, ஒரு பெரிய முள் துப்புரவாகக் கோத்திருந்தது. அதிலிருந்தும் ஒரு நூல் இருட்டுக்குள் இறங்கிற்று. கயிற்றுப் பருமன். விறைப்பாக.

அவன் அண்ணாந்து பார்த்தான். தக்கையைப் பார்ப்பவனின் அவசரமற்ற பார்வை. கோத்த உதட்டின் ஓரம் ஒரு பக்கம் கோணிற்று.

'மோட்டு மீன்' என்று சொல்லும் வேளைகளில் தமது முகம் எப்படி இருந்திருக்கும் என்பதை நவரத்தினம் அப்போதுதான் கண்டார்.

மேலே போகவேண்டும் என்று நினைத்தார். நினைத்துக்கொண்டே நின்றார். தண்ணீர் நாடிக்கு வந்தது. கைக்கடிகாரம் நீருக்குள் ஐந்தரை காட்டியது.

எச்சில் வழிய, அவருடைய வாய் தானாகத் திறந்தது.